வண்டி கிளம்பிடுச்சு

1. முதல் நாள்

மேடவாக்கத்தில் தண்ணீர் மண்ணுக்கு அடியிலிருந்து வருவதில்லை. சாலை வழியாக வருகிறது. ஹாரன் அடித்துக்கொண்டு, வால்வில் சொட்டிக்கொண்டு, பின்னால் ஈரக்கோடு போட்டுக்கொண்டு டேங்கரில் வருகிறது. எந்த வண்டி எந்த வீட்டுக்கு எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்கிற நாற்காலியில் நான் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். அந்த வேலைக்கு டெஸ்பாட்ச் என்று பெயர்.

அதற்கு முன் எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸ், கேம்ப் ரோட்டில் கூரியர், சேலையூரில் ஒரு பள்ளிக்கூட வரவேற்பு மேசை. எல்லா இடத்திலும் ஜன்னல் இருந்தது. ஜன்னல் இருந்தால் எனக்கு வேலை ஓடாது, மேகம் ஓடும். ஜாபர் பாயின் டேங்கர் ஆபீஸில் ஜன்னல் கிடையாது. அதனால் தங்கிவிட்டேன்.

முதல் நாள் முதல் போன். ஒருவர் வண்டி எங்கே என்று கேட்டார். நான் விசாரித்து, உண்மையைச் சொன்னேன்.

"இன்னும் லோடே ஏறல சார். ரெண்டு மணி நேரம் ஆகும்."

அவர் என்னையும் பாயையும் கார்ப்பரேஷனையும் வரிசையாகத் திட்டினார். பாய் எழுந்து வந்து ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினார்.

"வண்டி கிளம்பிடுச்சு சார். சந்தோஷபுரம் தாண்டிடுச்சு."

எதிர்முனை உடனே அடங்கியது. பாய் ரிசீவரை வைத்தார். அந்த வண்டி எங்கள் வாசலில்தான் நின்றது. டிரைவர் அதன் குழாயிலேயே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, உண்மைய சொல்லிக்கினு கீற? அவரு உண்மைய மொண்டு குளிப்பாரா?"

சொல்லிவிட்டு வெளியே ஓடி, வண்டியின் கதவை இரண்டு கையாலும் தட்டினார். "எட்றா, எட்றா, ஃபர்ஸ்ட்டு அங்க போ. நான் வாய வுட்டுட்டேன்."

அந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கே கற்றுக்கொண்டேன். அவர் ஏன் வெளியே ஓடினார் என்பது புரிய ஒரு முழுக் கோடை ஆனது.

2. இரண்டு போன்

டெஸ்பாட்ச் மேசையில் இரண்டு போன் இருக்கும். ஒன்று ஆபீஸ் போன். "நீங்கதானே சொன்னீங்க", "நான் எப்ப சொன்னேன்" என்கிற சண்டை தினமும் வருவதால் அதில் பேசுவதெல்லாம் ரெக்கார்ட் ஆகும். இரண்டாவது என் சொந்த செல்போன். அதில் ரெக்கார்டிங் கிடையாது, மரியாதையும் கிடையாது.

ஆபீஸ் போனில் "கிளம்பிடுச்சு மேடம், பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைப்பேன். உடனே என் செல்லை எடுத்து டிரைவரைக் கூப்பிடுவேன்.

"டேய் எதிராஜ், எங்க கீற?"

"சிக்னல்லக்கா."

"எந்த ஊர் சிக்னல்ல தாளிக்கிற சத்தம் கேக்குது? பிரியாணிய அப்படியே வெச்சுட்டு வண்டிய எடு. நான் கௌரிவாக்கத்துக்கு வாய வுட்டுட்டேன்."

"நீ வுடு, நான் ஓடறேன். இன்னா பொழப்புக்கா இது?"

ஆனால் ஓடுவான். இதுதான் தொழில். பொய் ஆபீஸ் போனில் பிறக்கும், செல்போனில் அதை உண்மையாக்க வேண்டும். இடையில் உள்ள நேரம் ஒரு கைமாற்று.

பொய்யை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. சம்ப், அதாவது தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி, பெரிதாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். மேடவாக்கம் மேம்பாலத்தை ஒட்டி ஒரு பெரிய அபார்ட்மென்ட் எங்கள் வாடிக்கை. அதன் செக்ரட்டரி ஒவ்வொரு காலையும் "இட்ஸ் எமர்ஜென்சி" என்றுதான் ஆரம்பிப்பார். அவர் எமர்ஜென்சி சாயங்காலம் வரை தாங்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவரிடம் தாராளமாகப் பொய் சொல்லலாம். பிரசவம் ஆன வீடு, படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு, சாவு வீடு, இந்த மூன்றிடமும் சொல்லக் கூடாது. இப்படி ஒரு விதியை யாரும் சுவரில் ஒட்டவில்லை. பாய் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. அந்த மூன்று வீட்டிலிருந்து போன் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும், அவ்வளவுதான்.

3. என் குரலில் இன்னொருத்தி

பாயின் தங்கை மகன் இம்ரான், ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளை. நல்ல பிள்ளை, இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே எழுதுவேன். போன வருடக் கோடைக்கு முன் ஒரு ஏஐ கொண்டுவந்து எங்கள் ஆபீஸில் வைத்தான். வைத்தான் என்றால் திரையில் ஒரு பச்சை விளக்கு, அவ்வளவுதான். அது போன் எடுக்கும், புக்கிங் போடும், வண்டிகளுக்கு வழி சொல்லும், வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லும்.

"குரல் மட்டும் உங்களோடது இருக்கட்டும்க்கா," என்றான். "ஏரியால எல்லாருக்கும் உங்க குரல்தான் பழக்கம்."

ஒரு மதியம் முழுக்க அவன் மொபைலில் பத்தி பத்தியாகப் படித்தேன். சொல்வதற்கென்ன, எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் குரலை யாரும் அதுவரை ஒரு பொருளாகக் கேட்டு வாங்கியதில்லை. அதற்கு மேல், ரெக்கார்ட் ஆகியிருந்த என் பழைய கால்கள் எல்லாவற்றையும் அதற்குப் போட்டுக் காட்டினான். அதிலிருந்து அது பேசக் கற்றுக்கொண்டது.

பாய் என்னைக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கலாம்மா, இந்த மாசம் ட்ரையலு. நீ பக்கத்துல ஹெட்போன் மாட்டிக்கினு கேட்டுக்கினு இரு, கை வெக்காத. மாசக் கடைசில பாத்துக்கலாம்."

மாசக் கடைசியில் எதைப் பார்ப்பது என்று நான் கேட்கவில்லை.

அது என்னைவிட நன்றாகச் செய்த காரியங்களை மறைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நாலு பேரிடம் பேசியது. இருமவில்லை. இரண்டு வண்டி ஒரே சந்தில் மூக்கோடு மூக்கு முட்டுவது நின்றுவிட்டது. எதிராஜ் எங்கே நிற்கிறான் என்பதை நான் போனில் கேட்கிற பின்சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். ரயில்வே கேட்டா, காய்கறி மார்க்கெட்டா, டீக்கடையா என்று சொல்லிவிடுவேன். ஆபீஸில் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. இப்போது திரையில் ஒரு நீலப்புள்ளி அதைச் சொல்லிவிடுகிறது. என் காதுக்கு வேலை போனது, நியாயமாகத்தான் போனது.

நாற்காலி போவதிலும் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எத்தனையோ நாற்காலியிலிருந்து நானே எழுந்து போனவள். உறுத்தியது வேறு. நான் போன பிறகும் என் குரல் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். அது கொடுக்கிற வாக்குக்கு ஓடுவதற்கு நான் இருக்க மாட்டேன்.

4. வெள்ளிக்கிழமை

சித்தாலப்பாக்கத்தில் நாங்கள் லோடு ஏற்றுகிற கிணற்றுக்கு பாயிண்ட் என்று பெயர். அந்த வெள்ளிக்கிழமை காலை அங்கே கரண்ட் போனது. மோட்டார் ஓடவில்லை. எங்கள் வண்டிகள் எல்லாம் காலி வயிற்றோடு வரிசையில் நின்றன. அதற்கு முன்னாலேயே லோடு ஏற்றிக் கிளம்பியது எதிராஜ் மட்டும்தான். அவன் அந்தப் பெரிய அபார்ட்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பாய் கணக்கப்பிள்ளையோடு வெளியே போயிருந்தார். ஆபீஸில் நானும் இம்ரானும். நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் குரல் வேலை செய்துகொண்டிருந்தது. "வண்டி கிளம்பிடுச்சு சார். சந்தோஷபுரம் தாண்டிடுச்சு." அடுத்த கால். "கிளம்பிடுச்சு மேடம். சந்தோஷபுரம் தாண்டிடுச்சு." பெரும்பாக்கத்துக்காரருக்கும் அதே பதில். சித்தாலப்பாக்கத்திலிருந்து பெரும்பாக்கம் போகிற வண்டி சந்தோஷபுரம் தாண்டினால் அது வழி தவறிய வண்டி. ஆனால் அவரும் அடங்கிவிட்டார். நான் சொல்கிற மாதிரியே இருந்தது. அந்த லேசான சலிப்பு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, எல்லாம் அப்படியே.

"இம்ரான், வண்டியே இல்லாம எதைக் கிளப்புது இது?"

அவனுக்கும் குழப்பம். ஏதோ தட்டிப் பார்த்தான்.

"வழி பாக்கறது தனி, பேசறது தனிக்கா. பேசறத உங்க ரெக்கார்டிங்ல இருந்து கத்துக்கிச்சு. கஸ்டமர் கோவமா இருந்தா இந்த வார்த்தை சொன்னா அடங்கறாங்கன்னு அது புரிஞ்சுக்கிச்சு. நீங்க அப்படித்தானே சொல்லியிருக்கீங்க?"

"சொல்லிட்டு உடனே டிரைவருக்குப் போன் பண்ணுவேன்."

"அது ரெக்கார்டிங்ல இல்லியே?"

"என் சொந்த போன்ல பண்ணுவேன்."

இம்ரான் என் செல்போனைப் பார்த்தான். மேசையில் கவிழ்ந்து கிடந்தது, ஓரம் உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டு.  தொழிலில் பாதியை மட்டும் அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தோம். எந்தப் பாதி என்பதுதான் விஷயம்.

அப்போது கௌரிவாக்கத்திலிருந்து ஒரு கால் வந்தது. வயதான ஆண் குரல். அன்று காலையிலிருந்து அவருக்கு அது மூன்றாவது கால் என்று திரை சொன்னது.

"எங்கம்மா வண்டி?"

"கிளம்பிடுச்சு சார். சந்தோஷபுரம் தாண்டிடுச்சு."

"சரிம்மா." வைத்துவிட்டார். கோபம் இல்லை, சத்தம் இல்லை. திரையில் அவர் பேசியது எழுத்தாக வந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சிரிப்பு முகம்: வாடிக்கையாளர் திருப்தி.

என் ஹெட்போனில் வந்தது வேறு. அவர் குரலுக்குப் பின்னால் சங்கு ஊதியது. ஒரு நீட்டு, இடைவெளி, சேகண்டி ஒரு தட்டு. பின்னணி இரைச்சலை ஏஐ தானாகவே நீக்கிவிட்டுத்தான் கேட்கும் என்று இம்ரான் முதல் நாளே பெருமையாகச் சொல்லியிருந்தான். இரைச்சல் என்று அது நீக்கியதில் சங்கு இருந்தது.

"சாவு வீடு இம்ரான்."

"அவர் சொல்லவே இல்லியேக்கா."

ஹெட்போனைக் கழற்றி அவன் காதில் வைத்து, அந்தப் பேச்சைத் திரும்ப ஓட்டச் சொன்னேன். கேட்டான். மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மாமா கை வெக்கக் கூடாதுன்னாரு," என்றான்.

"ஆமா."

"போன் பண்ணுங்கக்கா."

செல்லை எடுத்தேன்.

"எதிராஜ், வண்டியத் திருப்பு. கௌரிவாக்கம்."

"யாரு, அக்காவா மிஷினா?"

"நான்தான்டா."

"மிஷினும் நான்தான்னு தான் சொல்லுது."

"டேய் தடியா, மேம்பாலத்துக்குக் கீழ டீ குடிச்சுக்கினு நிக்கறியே, கிளாஸ வெச்சுட்டு ஏறு. சாவு வீடு. குளிப்பாட்ட தண்ணி இல்லாம நிக்கறாங்க."

"ஆங், அக்காதான். போறேன்."

அடுத்து அபார்ட்மென்ட் செக்ரட்டரி.

"சார், வண்டி பஞ்சர். சாயங்காலம்தான் வரும்."

"உங்க ஏஐ இப்பதான் எங்க கேட்டுக்கு வந்துடுச்சுன்னு சொல்லிச்சு?"

"அது வேற வண்டி சார்."

"வேற வண்டி எங்க?"

"அதுவும் பஞ்சர் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். சாயங்காலம் வரை தாங்கும் என்று எனக்குத் தெரிந்த பெருமூச்சு அது.

கொஞ்ச நேரம் கழித்து எதிராஜ் கூப்பிட்டான். வழக்கமாக இரைகிற ஆள், மெதுவாகப் பேசினான். "தண்ணி உட்டாச்சுக்கா. போனது அந்த சாரோட சம்சாரம். வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. என் வண்டியப் பாத்துட்டு உள்ள போயி, வந்துடுச்சுன்னு அந்தம்மாகிட்ட சொன்னாரு."

5. "நீங்கதானே?"

காரியம் முடிந்து அந்தக் கௌரிவாக்கத்துக்காரர் இன்னொரு லோடு கேட்டுப் போன் பண்ணினார். ஏஐ எடுத்தது. "அன்னிக்குப் பேசினாங்களே, அந்த அம்மாகிட்ட பேசணும்," என்றார்.

"சொல்லுங்க சார், நான் கலாதான் பேசறேன்," என்றது அது.

இம்ரான் பாய்ந்து அந்தப் போனை என் பக்கம் மாற்றினான். அவசரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். பாய் அப்போதுதான் தொழுகை முடித்து உள்ளே வந்தார், தொப்பி இன்னும் தலையில் இருந்தது. அவரும் நின்றுவிட்டார்.

"ஏம்மா," என்றார் போனில் இருந்தவர். "அன்னிக்கு மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் தாண்டிடுச்சு தாண்டிடுச்சுன்னு சொன்னீங்க. பக்கத்து வீட்ல குடம் குடமா எடுத்துட்டு வந்தாங்க. நான்தான் வேணாம், வண்டி வந்துட்டே இருக்குன்னு திருப்பி அனுப்பினேன். ஆஸ்பத்திரில பட்ட பாட்டுக்கு, போறப்பவாவது நிறைய தண்ணியில குளிச்சுட்டுப் போகட்டும்னு நெனச்சேன். அவள அப்படியே படுக்க வெச்சுட்டு தெருவப் பாத்துட்டு நின்னேன்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"திட்டறதுக்குக் கூப்பிடல. தண்ணி வந்துச்சு. டிரைவர் தம்பி செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து ஹோஸப் புடிச்சாரு. அது இருக்கட்டும். ஆனா மூணு தடவ சொன்னது நீங்கதானே?"

அது நான் இல்லை, மிஷின் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் என் குரலில் நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எங்கள் தொழிலில் சொல்லப்பட்ட பொய்களிலேயே மட்டமான பொய்யாக அது அவருக்குக் கேட்டிருக்கும். அதோடு, அந்த வாக்கியம் யாருடையது? அதை அதன் வாயில் வைத்தது யார்?

"ஆமா சார். நான்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

 "சரிம்மா," என்றார். அன்றைக்கு ஏஐயிடம் சொன்ன அதே சரிம்மா இல்லை இது. "நாளைக்குக் காலைல ஒரு லோடு அனுப்புங்க. உண்மையிலேயே கிளம்பினப்புறம் சொன்னா போதும்."

போன் வைத்ததும் பாய் இம்ரானிடம் திரும்பினார்.

"கலாம்மா குரல அதுலேர்ந்து எடுத்துரு."

"மாமா, கஸ்டமர் எல்லாருக்கும் இந்தக் குரல்தான் புடிச்சிருக்கு."

"புடிக்கும்டா. இருபது வருசமா நானும் பொய் சொல்லிக்கினு தான் கீறேன். ஆனா நான் சொன்ன பொய்ய நான்தான் சொன்னேன். எவன் வேணா வந்து என் சட்டையப் புடிக்கலாம். இது சட்டய யாரு புடிக்கிறது?"

இம்ரான் சாயங்காலத்துக்குள் குரலை மாற்றினான். மாசக் கடைசி வந்து போனது. அதைப் பற்றி பாயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

6. இப்போது

இப்போது எங்கள் ஆபீஸில் ஒரு ஊர் பேர் தெரியாத பெண் குரல் பேசுகிறது. இம்ரான் அதை நீலப்புள்ளியோடு சேர்த்துக் கட்டிவிட்டான். அதனால் உண்மையைத் தவிர வேறெதுவும் அதற்கு வராது. "உங்கள் வண்டி இன்னும் கிளம்பவில்லை. தாமதத்துக்கு வருந்துகிறோம்." சுத்தமான உண்மை. கேட்பவர்களுக்கு அது போதவில்லை. முதல் வாரத்திலேயே செக்ரட்டரி அதனிடம் கேட்டாராம்: "ஒரு அக்கா பொய் சொல்லுவாங்களே, அவங்க இல்லியா?" அது புரியாமல் அந்தப் போனை எனக்கு மாற்றிவிட்டது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

டெஸ்பாட்ச் வேலைக்கு வருகிறவர்கள், ஏஐ வந்தபின் பழைய கைத்திறமையெல்லாம் செத்துப்போகுமா என்று என்னைக் கேட்கிறார்கள். சிலது சாகும். சாக வேண்டியதும் உண்டு. வழி தெரிவது, வண்டி எங்கே என்று காதால் அளப்பது, நாலு சந்தை மனதில் வைத்திருப்பது, இதெல்லாம் போய்விட்டது. நான் அழவில்லை. எனக்கு வந்த தொழிலே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை என்று தெரிந்தது. வாயை விட்டபின் எழுந்து ஓடுவதுதான் மிச்சம். அதை ஏஐ கற்றுக்கொள்ளாது என்றும் நான் சொல்ல மாட்டேன். என் இரண்டாவது போனையும் ஒருநாள் இம்ரான் அதற்குப் போட்டுக் காட்டலாம். அது எதிராஜைத் தடியா என்றுகூடக் கூப்பிடலாம். "நீங்கதானே சொன்னீங்க" என்று ஒருவர் கேட்கும்போது "ஆமா" என்று சொல்லிவிட்டு, அன்று மதியம் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கவும் அதற்குத் தெரிந்துவிட்டால், நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டு நான் ஜன்னல் இருக்கிற இடமாகப் பார்த்துப் போய்விடுவேன்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் சங்கு கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லி, பக்கத்து வீட்டுக் குடத்தை வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்கவில்லையென்றால், சம்ப் பெரிதா என்று பாருங்கள். பெரிதென்றால் சொல்லலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஏஐயிடமிருந்து ஒரு கால் எனக்கு மாறி வருகிறது. செக்ரட்டரி.

"மேடம், இட்ஸ் எமர்ஜென்சி. அந்தப் பொண்ணு வண்டி கிளம்பவே இல்லைன்னு சொல்லுது."

"அது தெரியாம சொல்லுது சார். வண்டி கிளம்பிடுச்சு. சந்தோஷபுரம் தாண்டிடுச்சு."

ரிசீவரை வைத்துவிட்டேன். ரப்பர் பேண்ட் போட்ட போன் கையில் இருக்கிறது. எதிராஜுக்கு மணி போகிறது.